அணையா விளக்கும் அன்றாட உழக்கும்

ஒரு வேலையை ஒரு நாளும் தவறாமல், தலைமுறை கடந்தும் நடத்திக்காட்டத் தமிழகம் கண்ட ஏற்பாடுகளில் மிகத் தெளிவானது கோயில்களில் எரிந்த நந்தா விளக்கு. சுந்தரர் பாடிய திருமுல்லைவாயில், சம்பந்தர் பாடிய திருவேற்காடு, அதற்கும் அப்பால் பூவிருந்தவல்லி என விரியும் வட்டாரம் பழைய தொண்டை மண்டலத்தைச் சேர்ந்தது. பல்லவர், சோழர் காலங்களில் அம்மண்டலத்துக் கோயில்களுக்கு வந்த கொடைகளில் விளக்குக் கொடைக்குத் தனி இடம் உண்டு.

இரவும் பகலும் அணையாத விளக்குக்கு நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் வேண்டும். அதற்கெனக் கொடையாளி ஆடுகளைக் கொடுத்தார். சில ஊர்களில் ஒரு விளக்குக்கு 90 ஆடு, பல ஊர்களில் 96. முதலாம் இராசராசன் (985–1014) தஞ்சைப் பெரிய கோயிலில் 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை என்று ஈடு வகுத்தான். அங்கே நெய்யை அளந்தது ‘ஆடவல்லான்’ என்று இறைவன் பெயர் பூண்ட அளவை. ஆடுகள் கோயிலில் நிற்கவில்லை. மன்றாடி எனப்பட்ட இடையரிடம் ஒப்படைக்கப்பட்டன. அவர் மேய்த்துப் பெருக்கிக்கொள்ளலாம். நாள்தோறும் உழக்கு நெய் மட்டும் கோயிலுக்கு வந்துவிட வேண்டும்.

நான்கு உழக்கு ஒரு நாழி. ஆண்டு முழுவதற்கும் ஒரு விளக்கு கேட்பது ஏறத்தாழ 91 நாழி நெய். 96 ஆடுகளுக்குப் பகிர்ந்தால் ஓர் ஆட்டின் பங்கு ஆண்டுக்கு ஒரு நாழிக்கும் குறைவு. மழை பொய்த்த ஆண்டிலும், மந்தையில் நோய் புகுந்த மாதத்திலும் தாங்கக்கூடிய அளவு இது. நெடுங்காலக் கடமை ஒன்றை வகுத்தவர்கள் அன்றாடச் சுமையை இத்தனை இலேசாக வைத்ததுதான் இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி. நல்ல நாளில் எவ்வளவு முடியும் என்பதல்ல, மோசமான நாளிலும் எவ்வளவு முடியும் என்பதே அளவாக நின்றது.

கல்வெட்டுகள் இந்த மந்தையைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்கின்றன. கிழடாகும் ஆட்டுக்கும் இறக்கும் ஆட்டுக்கும் ஈடாகக் குட்டிகள் சேர்வதால் கணக்கில் தலை குறையாது. மனிதர் மாறினாலும் கடமை விட்டுப்போகாதபடி இன்னொரு காப்பும் இருந்தது. தஞ்சைக் கல்வெட்டுகள் ஆடு பெற்ற இடையரை ஊரோடும் பெயரோடும் குறித்து, அவர் தவறினால் பொறுப்பேற்க வேண்டிய உறவினரையும் பெயர் சொல்லி அடுக்குகின்றன. பேரரசனைப் புகழும் மெய்க்கீர்த்தி பொறித்த அதே கோயிலில், நாள்தோறும் நெய் அளந்த சாதாரண மனிதரின் பெயரும் ஆயிரம் ஆண்டுகளாக இருக்கிறது. வரலாறு படிப்போர் அவரைத் தாண்டிப் போய்விடுவது பெரிய இழப்பு.

கொடை வந்த வழிகளும் பல. பொன்னைப் பெற்றுக்கொண்ட ஊர்ச்சபை அதன் வட்டியில் எண்ணெய் அளந்தது. நிலத்தின் விளைச்சலிலிருந்தும் விளக்கு எரிந்தது. வேட்டையில் தவறிப் பாய்ந்த அம்பினால் ஒருவரைக் கொன்றவருக்கு உயிர்த்தண்டனை வேண்டாமென்று ஊரார் முடிவு செய்து, இறந்தவர் பேரில் விளக்கெரிக்க வைத்த செய்திகளும் உண்டு.

ஆடும் நெய்யும் இல்லாமல், தனி ஒருவர் தம் உடலுழைப்பாலேயே இத்தகைய ஒழுங்கைக் காத்ததற்குப் பூவிருந்தவல்லியின் திருக்கச்சி நம்பிகள் சான்று. இராமானுசரின் மூத்த சமகாலத்தவரான அவர் சொந்த ஊரில் நந்தவனம் வைத்து, மாலை தொடுத்துக் காஞ்சி வரதராசப் பெருமாளுக்குக் கொண்டுபோனதாக வைணவ மரபு சொல்கிறது. ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவை அன்றாட நடையாகக் கொள்வது கடினம்; பக்தி மரபின் ஏற்றம் அதில் கலந்திருக்கலாம். ஆயினும் அவர் நினைக்கப்படுவது பூத்தொண்டுக்காகவும், இறைவனுக்கு விசிறி வீசிய ஆலவட்டக் கைங்கர்யத்துக்காகவுமே. இராமானுசரும் சாலைக் கிணற்றிலிருந்து அதே பெருமாளுக்கு நாள்தோறும் தீர்த்தம் சுமந்தார் என்பர்.

13ஆம் நூற்றாண்டில் சோழர் ஆட்சி சரிந்தபின் ஆட்டுக்கொடை அருகியது. விசயநகரக் காலத்தில் நிலமும் வரி நீக்கமுமே பெரிதாயின. கொடைகளின் மேற்பார்வை 1817ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டத்தால் கிழக்கிந்தியக் கம்பெனியின் வருவாய் வாரியத்திடம் போனது. 1863ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உள்ளூர்க் குழுக்களுக்கு மாறியது. 1925இல் அறநிலைய வாரியத்துக்கு வழி வகுத்த சட்டமும், 1959இல் இன்றைய அறநிலையத் துறைச் சட்டமும் வந்தன. வருமானம் இல்லாத கோயில்களில் நாளுக்கு ஒரு வேளையாவது பூசை நடக்கத் தமிழக அரசு நடத்தும் ஒருகால பூசைத் திட்டத்தில், கோயிலின் பேரில் வைப்புநிதி போடப்படுகிறது. முதலைத் தொடாமல், வட்டியைக் கொண்டே அன்றாடச் செலவு நடக்கிறது.