பி.யு. சின்னப்பா

பி.யு. சின்னப்பா (மே 5, 1916 – செப்டம்பர் 23, 1951) தமிழ் நாடக, திரைப்பட நடிகர், பாடகர். இயற்பெயர் சின்னசாமி. புதுக்கோட்டையில் நாடக நடிகரான உலகநாத பிள்ளைக்கும் மீனாட்சி அம்மாளுக்கும் பிறந்தார். 1940களில் எம்.கே. தியாகராஜ பாகவதருக்கு இணையான நட்சத்திரமாக விளங்கினார்.

சிறுவயதிலேயே மேடையேறிய சின்னப்பா மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தார். எம்.ஜி.ஆரும் அங்கு நடித்தவரே. குரல்வளத்தால் சின்னப்பாவுக்கு ராஜபார்ட் வேடங்கள் கிடைத்தன. ஒலிபெருக்கி இல்லாத மேடையில், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி உச்ச ஸ்தாயியில் பாடும் சிறுவனே கம்பெனியின் மூலதனம். மகரக்கட்டு உடைந்துவிட்டால் ராஜபார்ட் நடிகனுக்கும் அங்கே இடம் நிலைக்காது. சின்னப்பாவுக்கும் அது நேர்ந்தது. கம்பெனியை விட்டு ஊர் திரும்பினார்.

அந்த இடைவெளியில் அவர் முறையாக இசை பயின்றார். சிலம்பம், குஸ்தி, பளு தூக்குதல் ஆகியவற்றிலும் பயிற்சி பெற்றார். பாட்டே பிரதானமாக இருந்த அன்றைய சினிமாவில், பாடவும் சண்டையிடவும் தெரிந்த கதாநாயகன் அரிது. பாகவதரிடமிருந்து சின்னப்பாவைப் பிரித்துக் காட்டியது இதுதான்.

ஜூபிடர் நிறுவனத்தின் ‘சந்திரகாந்தா’ (1936) அவருடைய முதல் படம். ஆனால் திருப்பம் தந்தது மாடர்ன் தியேட்டர்ஸின் ‘உத்தம புத்திரன்’ (1940). அதில் இரட்டை வேடம் ஏற்றார். ‘ஆர்யமாலா’வில் (1941) காத்தவராயனாகவும், இளங்கோவன் வசனம் எழுதிய ‘கண்ணகி’யில் (1942) பி. கண்ணாம்பாவுடன் கோவலனாகவும் நடித்தார். ‘ஜகதலப்பிரதாப’னில் (1944) ஒரே காட்சியில் பாடகரும் அவரே, பக்கவாத்தியக்காரர்களும் அவரே. கணினி இல்லாத காலத்தில் ஒளிப்பதிவுத் தந்திரத்தால் மட்டுமே எடுக்கப்பட்ட காட்சி அது. ‘மங்கையர்க்கரசி’யில் (1949) மூன்று வேடங்கள்.

‘பிருதிவிராஜன்’ (1942) படத்தில் உடன் நடித்த ஏ. சகுந்தலாவை மணந்தார். சினிமாவில் ஈட்டியதைப் புதுக்கோட்டையில் வீடுகளாக வாங்கிக் குவித்தார். இனி வீடு வாங்கக் கூடாதென்று சமஸ்தானமே தடை விதித்ததாக இன்றும் சொல்வதுண்டு.

சின்னப்பா 35 வயதில் புதுக்கோட்டையில் திடீரென இறந்தார். அவர் நடித்த ‘சுதர்ஸன்’ அதன் பிறகே, 1951 இறுதியில் திரைக்கு வந்தது.