செஞ்சி மலையேறும் வழியில்

பழம் பயணியர் விட்டுச்சென்ற ஏடுகளைத் துணைகொண்டு, அவர்கள் கண்ட இடங்களை நடந்தே காண்பது வரலாறு கற்கும் வழிகளில் ஒன்று. திண்டிவனம் – திருவண்ணாமலைச் சாலையிலுள்ள செஞ்சி அதற்கு ஏற்ற ஊர்.

1597-இல் இங்கு வந்த ஏசு சபைப் பாதிரியார் பிமெண்டா, லிஸ்பன் நீங்கலாகப் போர்த்துக்கல் நாட்டின் எந்த நகரும் இதற்கு ஈடாகாது என்று வியந்தெழுதினார். அந்நகரின் மாளிகைகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன; மலைகளும் மதில்களும் நிற்கின்றன. சுமார் 800 அடி உயரமுள்ள ராஜகிரியின் உச்சியை நெருங்கினால், பாறைப் பிளவொன்று வழியை மறிக்கும். பாலம் ஒன்றே கதி. முகலாயத் தளபதி சுல்பிகார்கான் 1690-இல் தொடங்கிய முற்றுகை 1698 வரை ஏன் நீண்டது என்பதை, மூச்சிரைக்க ஏறுபவரின் கால்களே உணர்ந்துகொள்ளும்.

அம்முற்றுகையில் முகலாயர் பக்கம் நின்று, கண்டதைப் பாரசீக மொழியில் எழுதியவர் பீம்சேன் என்னும் இந்து. 1714-இல் ஆர்க்காட்டு நவாப் சஆதத்துல்லாகானை எதிர்த்து மாண்ட தேசிங்குராஜனின் கதைப்பாடலோ, மணக்கோலத்தில் இருந்தும் நண்பனுக்காகப் போர்க்களம் விரைந்த மகபத்கானைப் போற்றுகிறது. கோட்டைக்குள் சஆதத்துல்லாகான் பெயரால் பள்ளிவாசலும் உண்டு. வேங்கடரமணர் கோயிலும் உண்டு.

2025-இல் இக்கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. இதன் வரலாற்றை இரு சமயத்தாரின் பகைக் கதையாகச் சுருக்குவோர், ஒருமுறை இவ்வேடுகளைப் படித்துவிட்டு இம்மலையேறட்டும்.