மலாயா இரயில் பாதையில் யாழ்ப்பாணத் தமிழர்



ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு செயலாளர் அவர்கள் கேட்டுக்கொண்டபோது, எதைப் பற்றி எழுதுவது என்று யான் நெடுநேரம் எண்ணிப் பார்க்க வேண்டிய நிலை ஏற்படவில்லை. என் இல்லத்திலேயே அதற்கான பொருள் காத்திருந்தது. நர்ஸுப் படிப்பை முடித்து, நகரத்து மருத்துவமனை ஒன்றில் இரண்டாண்டுகள் பணியாற்றிவரும் என் மகள், சென்ற பொங்கல் நாளன்று ஜெர்மன் மொழி வகுப்பிற்குக் கட்டணம் கேட்டாள். அம்மொழியில் தேறினால் அந்நாட்டு மருத்துவமனைகளில் வேலை கிடைக்குமாம். “போகட்டுமா அப்பா?” என்றாள். அவள் தாய் என் முகத்தைப் பார்த்தாள். “யோசித்துச் சொல்கிறேன்” என்று கூறி எழுந்துவிட்டேன்.

யோசிக்கும்போது என் நினைவுக்கு வந்தது, எம் இரயில்வேத் துறையோடு தொடர்புடைய ஒரு பழைய வரலாறே. கல்வியும் தொழிலும் கற்றவர் பிறந்த நாட்டை விட்டு வெளியேறினால், அந்நாட்டிற்கு விளைவது நன்மையா தீமையா என்ற வினாவிற்கு யாழ்ப்பாணத்தைக் காட்டிலும் சிறந்த பாடம் தமிழ் நிலத்தில் வேறில்லை என்பது என் எண்ணம்.

யாழ்ப்பாணக் குடாநாடு ஆறில்லாத நாடு. சுண்ணாம்புக் கல் நிலம். கிணற்று நீரால் வாழும் பயிர். பனையும் புகையிலையும் அதன் செல்வம். நிலமோ குறைவு, மக்களோ மிகுதி. இத்தகைய நிலத்தில் 1816-ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் வந்து பள்ளிகள் நிறுவினர். 1823-இல் வட்டுக்கோட்டையில் உயர்கல்விக் கழகம் ஒன்று தோன்றிற்று. 1824-இல் உடுவிலில் பெண்களுக்கென்று பள்ளி ஏற்பட்டது. சைவப் பெருமக்களும் பின்னர்த் தம் பள்ளிகளை நிறுவினர். இவற்றின் பயனாக, ஆங்கிலமும் கணக்கும் கற்ற இளைஞர் கூட்டம் ஒன்று அச்சிறு நிலத்தில் உருவாயிற்று.

கற்றவர்க்கு ஏற்ற வேலை அந்நிலத்தில் இல்லை. எனவே, கல்வி வளர்ந்த நாள் முதலாகவே வெளியேற்றமும் வளர்ந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் நிறுவப்பட்டதும், அதன் முதற் பட்டதாரிகளாகத் தேறிய இருவர் சி. வை. தாமோதரம் பிள்ளையும் கரோல் விசுவநாத பிள்ளையும் ஆவர். இருவரும் யாழ்ப்பாணத்தார். தாமோதரம் பிள்ளை தமிழகத்திலேயே தங்கி உயர்பதவிகள் வகித்து, தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் அச்சேற்றித் தந்தார். யாழ்ப்பாணம் இழந்த ஒரு மகனால் தமிழுலகம் முழுதும் பெற்ற செல்வம் இது. ஆகவே, போனவர் எல்லாம் இழப்பென்று எடுத்த எடுப்பிலேயே கூறிவிடுதல் பொருந்தாது.

எனினும், இந்த வெளியேற்றத்தைக் கண்டு கவலை கொண்டோரும் அக்காலத்திலேயே இருந்தனர். வட்டுக்கோட்டைக் கழகம் 1855-இல் மூடப்பட்டதற்குக் காட்டப்பெற்ற காரணங்களுள் ஒன்று, ஆங்கிலம் கற்ற மாணவர் அரசாங்க உத்தியோகம் தேடிச் சென்றுவிடுகின்றனர் என்பதாகும். இதே கவலைக்கு வேறொரு வழியில் மருந்து கண்டவர் டாக்டர் சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்கர். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த இவர், மானிப்பாயில் மருத்துவமனை அமைத்து, உள்ளூர் இளைஞர்க்கு மேனாட்டு மருத்துவம் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், பின்னர்த் தமிழிலேயே கற்பிக்கலானார். அதற்கென்று ‘இரண வைத்தியம்’, ‘கெமிஸ்தம்’ முதலான நூல்களைத் தமிழில் ஆக்குவித்தார். தமிழில் கற்ற மருத்துவர் தம் ஊர்களிலேயே தங்கி, தம் மக்களுக்கே தொண்டு செய்வர் என்பது அவர் கருத்து. கற்பிக்கும் மொழிக்கும் கற்றவன் தங்கும் ஊருக்கும் உள்ள தொடர்பை இத்துணைத் தெளிவாக உணர்ந்தவர் அந்நாளில் மிகச் சிலரே. 1873-இல் அவர் தாயகம் திரும்பினார். அவர் வழியை வளர்ப்பார் இல்லாமற் போயினர்.

இனி மலாயாவிற்கு வருவோம். அந்நாட்டின் ஈயச் சுரங்கங்களிலிருந்து ஈயத்தைத் துறைமுகத்திற்குக் கொண்டு செல்ல, தைப்பிங் நகரிலிருந்து போர்ட் வெல்ட் வரை ஏறத்தாழ 8 மைல் நீளமுள்ள முதல் இருப்புப்பாதை 1885-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 1-ஆம் நாள் திறக்கப்பட்டது. அடுத்தடுத்துப் பாதைகள் நீண்டன. பாதை நீண்டால் நிலையங்கள் வேண்டும். நிலையம் அமைந்தால் நிலைய அதிபர் வேண்டும். சீட்டுக் கொடுப்பார், சரக்குக் கணக்கு எழுதுவார், தந்தி அடிப்பார், நில அளவை செய்வார் வேண்டும். ஆங்கிலேயரை வரவழைத்தால் சம்பளம் மிகுதி. மலாயாவிலோ ஆங்கிலப் பள்ளிகள் அப்போது மிகக் குறைவு. ஆனால், இலங்கைப் பொதுப்பணித் துறையில் பணியாற்றி, 1891-இல் சிலாங்கூருக்கு மாற்றப்பட்டு, 1901-இல் கூட்டு மலாய் நாடுகளின் இரயில்வேக்கு முதல் பொது மேலாளர் ஆகிய ஸ்பூனர் என்னும் பொறியாளர், யாழ்ப்பாணத்தாரின் திறமையை நன்கு அறிந்தவர். அவர் காலத்தில் யாழ்ப்பாண இளைஞர் பெருந்தொகையினராக மலாயா இரயில்வேயில் சேர்ந்தனர்.

அந்நாட்டில் எழுத்தரைக் ‘கிராணி’ என்பர். கோலாலம்பூரில் இரயில்வேப் பணிமனையும் குடியிருப்பும் அமைந்த பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதி தமிழர் குடியேற்றமாகவே மாறிற்று. அங்கே கந்தசுவாமி கோயில் எழுந்தது. 1904-இல் விவேகானந்த ஆசிரமம் தோன்றிற்று. நம்மைப் போன்றே அவர்களும் சங்கம் வைத்தனர். ஆண்டு விழா நடத்தினர். பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்தனர். காலனியில் வாழும் நமக்கு இது தொலைவான கதையன்று.

அவர்கள் அனுப்பிய பணத்தால் ஊரில் நிகழ்ந்தது யாது? திங்கள்தோறும் மணியார்டர் வந்தது. மண் வீடுகள் கல் வீடுகளாயின. கோயில்கள் புதுக்கப்பெற்றன; பள்ளிகளுக்குக் கட்டடங்கள் எழுந்தன. பணி முடித்து ஊர் திரும்பியவர் ‘மலாயா பென்ஷனியர்’ என்று மதிக்கப்பட்டனர். யாழ்ப்பாணத்தின் வாழ்வையே ‘மணியார்டர்ப் பொருளாதாரம்’ என்று பிற்காலத்து ஆராய்ச்சியாளர் அழைத்தனர். இவை நன்மைகள்.

மறுபக்கமும் உண்டு. மலாயா மாப்பிள்ளைக்கு மதிப்பு ஏறியது, சீதனமும் ஏறியது. பள்ளிகள் உத்தியோகத் தேர்வுக்கென்றே மாணவரை ஆயத்தப்படுத்தின. நன்கு படித்தவன் ஊரைவிட்டுப் போவான், படியாதவன் தோட்டத்தில் நிற்பான் என்ற எண்ணம் வேரூன்றியது. வந்த பணம் வீடாயிற்று, நகையாயிற்று, நிலமாயிற்று, தொழிற்சாலையாக ஆகவில்லை. இத்துணைப் படித்தவர் நிறைந்த குடாநாட்டில், காங்கேசன்துறைச் சிமெந்துத் தொழிற்சாலை போன்ற பெருந்தொழில் ஒன்று 1950-ஆம் ஆண்டில்தான், அதுவும் அரசாங்க முயற்சியால், உற்பத்தியைத் தொடங்கிற்று என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வெளியூர்ச் சம்பளத்தை நம்பிய வாழ்வு எத்துணை உறுதியற்றது என்பதும் விரைவில் தெரிந்தது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் மலாயா அரசாங்கம் ஆட்குறைப்புச் செய்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் படையெடுத்தனர். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. கடல்வழி அடைபட்டது, மணியார்டரும் நின்றது. மூன்றரை ஆண்டுகள், கணவன் உயிரோடு இருக்கிறானா என்றும் அறியாத மனைவியர் அவ்வூரில் இருந்தனர். 1957-இல் மலாயா விடுதலை பெற்றது. அதன்பின் அரசுப் பணிகள் அந்நாட்டு மக்களுக்கே உரியனவாயின. அது நியாயமே.

பிள்ளைகளின் கதையும் இருவகைப்பட்டது. 1898-இல் ஈப்போவில் பிறந்த எஸ். ஜே. வி. செல்வநாயகம் சிறுவயதிலேயே யாழ்ப்பாணம் கொணரப்பட்டு, அங்கே பயின்று, அம்மக்களின் தலைவர் ஆனார். 1915-இல் யாழ்ப்பாணத்தில் பிறந்த எஸ். இராஜரத்தினம் மலாயாவில் வளர்ந்து, 1965-இல் சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர் ஆனார். ஒருவரை ஊர் திரும்பப் பெற்றது. மற்றவரை வேற்றுநாடு பெற்றுக்கொண்டது.

இதுவரை கூறியது முதல் அலை. இரண்டாம் அலையின் தன்மை வேறு. விடுதலைக்கு முன்னரே, 1945-இல், இலங்கையில் இலவசக் கல்வி வந்தது. மருத்துவரையும் பொறியாளரையும் மக்களின் வரிப்பணமே உருவாக்கிற்று. 1956-இல் சிங்களம் மட்டும் என்ற சட்டமும், 1970-களின் தொடக்கத்தில் பல்கலைக்கழகச் சேர்க்கையில் தரப்படுத்தலும் வந்தன. தமிழருக்குக் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாய் அடைபட்டன. சிங்களவரிலும் கற்றவர் நல்ல சம்பளம் தேடி மேனாடு சென்றனர். கற்றோர் வெளியேற்றத்தை ஆராய அமைச்சரவைக் குழு ஒன்றே அமைக்கப்பட்டு, 1974-இல் அறிக்கை தந்தது. 1983 ஜூலைக் கொடுமைக்குப் பின்னரோ, சென்றவர்க்குத் திரும்பும் வழியே இல்லாமற் போயிற்று. முதல் அலையினர் ஊரில் வேலை இல்லாமையால் சென்றனர், பென்ஷனோடு திரும்பினர். இரண்டாம் அலையினர் ஊரில் இடம் இல்லாமையால் சென்றனர். அவர்தம் பிள்ளைகள் அயல்நாட்டுக் குடிகளாயினர். மருத்துவமனைகள் மருத்துவரை இழந்தன. பள்ளிகள் ஆசிரியரை இழந்தன. பணம் வந்தது, ஆனால், பணம் நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்க்காது.

இது இலங்கைக்கு மட்டும் நேர்ந்ததன்று. பிரிட்டனே தன் விஞ்ஞானிகள் அமெரிக்கா செல்வதைக் கண்டு 1963-இல் வருந்திற்று. அதே பிரிட்டன் தன் மருத்துவமனைகளை இந்திய மருத்துவரைக் கொண்டு நிரப்பிற்று. நம் நாடு, சென்ற விஞ்ஞானிகளை மீட்க 1958-இல் தனித் திட்டமொன்று வகுத்தது. 1959-இல் சென்னையில் ஐ.ஐ.டி. தொடங்கிற்று, 1965-இல் அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தை மாற்றியபின், நம் செலவில் கற்ற பொறியாளர் பலர் அங்கே சென்றனர். வெளிநாட்டு இந்தியர் அனுப்பும் பணம் 2022-இல் 10,000 கோடி டாலரைத் தாண்டியது என்பதும் உண்மை. எனினும், வளர்ந்த நாடுகள் ஏழை நாடுகளின் நர்ஸுகளையும் மருத்துவரையும் வரைமுறையின்றி ஈர்த்துக் கொள்ளலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2010-இல் நெறிமுறை வகுக்க நேர்ந்தது.

வேறொரு காட்சியை நம் ஆனேக்கல் தாலுகாவிலேயே காண்கிறோம். 1970-களின் இறுதியில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனத்தார் அமைக்கத் தொடங்கிய எலெக்ட்ரானிக் சிட்டி இத்தாலுகாவில்தான் உள்ளது. உள்ளூரில் வேலை உண்டானபோது, போக நினைத்தவர் பலர் நின்றனர். போனவர் சிலர் திரும்பினர். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் ஐ.டி.ஐ. படித்த பிட்டரும் டர்னரும் ஜிகனிக்கும் பொம்மசந்திராவுக்கும் அத்திப்பள்ளிக்கும் வந்து உழைக்கின்றனர். அவர்தம் ஊர்கள் அனுப்பிய கைகள் அவை. நாமும் அங்ஙனம் வந்தவர்களே. நமக்குச் சோறிட்ட கன்னட நாட்டிற்கு நன்றி கூறும்போது, நம்மைப் படிக்க வைத்த ஊருக்கும் ஒரு கடன் உண்டென்பதை மறக்கலாகாது.

இவற்றிலிருந்து யான் கற்றுக்கொண்டவை மூன்று. முதலாவது, போகின்றவனைத் தடுப்பதால் ஊர் வளராது. இருக்கின்றவனுக்கு வேலையும் மதிப்பும் தருவதாலேயே வளரும். இரண்டாவது, வரும் பணம் வீட்டோடும் நகையோடும் நின்றுவிடாமல், தொழிலாகவும் பள்ளியாகவும் மாற வேண்டும். மூன்றாவது, திரும்பும் வழி திறந்திருக்க வேண்டும். அரசாங்கம் திறந்து வைக்க வேண்டிய கதவு ஒன்று. வீட்டார் திறந்து வைக்க வேண்டிய கதவு மற்றொன்று.

என் மகளுக்கு வகுப்புக் கட்டணத்தைச் செலுத்திவிட்டேன். அத்துடன் ஒன்றும் கூறினேன்: “அம்மா, நீ கற்ற கல்வியில் இந்நாட்டார் வரிப்பணமும் கலந்திருக்கிறது. அங்கே கற்பதையெல்லாம் கற்றுக்கொள். சில ஆண்டுகள் சென்றபின், இங்குள்ள பிள்ளைகளுக்கு அதைத் தமிழிலும் கன்னடத்திலும் சொல்லிக்கொடுக்க வா.” அவள் “வருவேன்” என்றாள். வருவாளா என்பதைக் காலமே சொல்ல வேண்டும். அவள் வரும்போது கற்பிக்க ஓர் இடம் இருக்குமாறு செய்தல் நம் கடமை. நம் சங்கம் நடத்தும் ஞாயிறு மாலை வகுப்பை அதற்கு முதற்படியாகக் கொள்வோமாக.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!