நம் முன்னோர் நாடு தேர்ந்த வரலாறு

பொருள் தேடும் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டுக் கடல் கடந்து செல்வது நமது நகரத்தார் சமூகத்திற்குப் புதியதன்று. அதனைக் ‘கொண்டுவிற்கப் போதல்’ என்று நம் பெரியோர் வழங்கினர். ஆயினும், எந்த நாட்டிற்குப் போவது என்பதை அவர்கள் எதனைக் கொண்டு துணிந்தனர், அத்துணிவில் எது நன்றாயிற்று, எது பிழையாயிற்று என்பவற்றை நம் இளைஞரிற் பலர் அறியார். வீடுதோறும் ஒரு பிள்ளையேனும் அயல்நாடு செல்ல எண்ணும் இக்காலத்தில் அவ்வரலாற்றை நினைவூட்டுதல் நமது கடமையெனக் கருதுகின்றோம்.

சென்ற நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டில் நம்மவர்க்கு நான்கு வாயில்கள் திறந்திருந்தன. இலங்கை அண்மையிலிருந்தது; கொழும்பில் அரிசி, துணி வியாபாரமும் கொடுக்கல் வாங்கலும் நடந்தன. மலாய் நாட்டில் ஈயமும் பின்னர் இரப்பரும் பணத்தைப் பெருக்கின. சைகோனில் நெல் விளைந்தது. ஆனால் ஆட்சி பிரெஞ்சுக்காரருடையது. நான்காவது பர்மா. நம்மவர் பெருமளவில் நாடியதும், இறுதியில் மிகுதியாக இழந்ததும் அந்நாட்டிலேதான்.

பர்மாவைத் தேர்ந்தமைக்குத் தக்க காரணங்கள் இருந்தன. 1826-இல் தெனாசரிமும் 1852-இல் கீழ்ப்பர்மாவும் ஆங்கிலேயர் வசமாயின. 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்படவே, பர்மா அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை விரிந்தது. ஐராவதி நதியின் கழிமுகக் காடுகளை வெட்டிக் கழனியாக்கக் குடியானவனுக்கு முதல் வேண்டியிருந்தது. ஆங்கிலேய பாங்குகளோ அவனுக்குக் கடன் கொடுக்க முன்வரவில்லை. 1876-ஆம் ஆண்டின் நிலச் சட்டம் நிலத்தை விற்கவும் ஈடு வைக்கவும் உரிமை தந்தது. அன்றியும் 1937 வரையில் பர்மா இந்தியாவோடு இணைந்த ஒரு மாகாணமாகவே இருந்தமையின், அதே ரூபாய், அதே கோர்ட்டு. அயல்நாட்டாருக்குரிய தடையொன்றும் இல்லை. மோல்மேனில் தொடங்கி இரங்கூன் மொகல் தெருவிலும், அங்கிருந்து சிற்றூர்கள்தோறும் நம்மவர் கடைகள் பரவின. 1930-ஐ ஒட்டி நடந்த பாங்கு விசாரணையில் சுமார் 1,650 கடைகளும், 75 கோடி ரூபாய் முதலும் மதிப்பிடப்பெற்றன.

இத்தகைய தேர்வைக் குறை கூற இயலாது. ஆனால் நம்மவர் அங்கே வாழ்ந்த முறையைச் சிறிது ஆராய்தல் வேண்டும். பெட்டியடிப் பையனாகச் சென்றவன் அடுத்தாளாகிப் பின்னர் மேலாளாவான். சம்பளச் சீட்டு மூன்று ஆண்டிற்கு. கெடு முடிந்தால் ஊர் திரும்புவான். மனைவி மக்கள் பெரும்பாலும் செட்டிநாட்டிலேயே இருந்தனர். பர்மாத் தேக்கு நம் ஊர் முகப்புத் தூண்களாயிற்று. அந்நாட்டோடு நமக்கிருந்த உறவு கணக்குப் புத்தகத்தின் உறவாகவே நின்றது.

1930-இல் உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல் விலை ஏறக்குறையப் பாதியாக விழுந்தது. கடன்பட்ட உழவர் வட்டியும் கட்ட இயலாது தவித்தனர். ஈடு வைத்த நிலங்கள் நம்மவர் கைக்கு வந்தன. நெல் விளையும் முக்கியமான 13 ஜில்லாக்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்காயிருந்த நம்மவர் நிலம் 1938-இல் 25 பங்காயிற்று. நிலத்தை நம்மவர் விரும்பி வாங்கவில்லை. ரொக்கமே அவர்க்கு வேண்டியிருந்தது என்பது உண்மை. எனினும், பாட்டன் வெட்டித் திருத்திய கழனியைப் பறிகொடுத்த உழவனுக்கு இந்த விளக்கம் என்ன ஆறுதல் தரும்? அவன் மனத்தில் மூண்ட கசப்பை நாம் காலத்தில் உணர்ந்தோமில்லை.

பின் நிகழ்ந்தவற்றை நம் குடும்பங்கள் மறந்திரா. 1937 ஏப்ரல் 1-இல் பர்மா இந்தியாவினின்று பிரிந்தது. 1941 டிசம்பர் 23-இல் இரங்கூனில் ஜப்பானியர் குண்டு வீழ்ந்தது. 1942-இல் இந்தியர் பல இலட்சம் பேர் நாட்டை விட்டு வெளியேறினர். அவருட் பலர் காடும் மலையும் கடந்து கால்நடையாய் வந்தனர். வழியில் மாண்டோர் பலர். 1948-இல் பர்மா சுதந்திரம் பெற்று நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. எஞ்சிய வியாபாரங்களும் 1960-களில் அரசு வசமாயின. பெட்டகங்களில் நிலப் பத்திரங்கள் இருந்தன, நிலம் இல்லை.

இதனோடு மலாய் நாட்டை ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று. 1957-இல் அந்நாடு சுதந்திரம் அடைந்தபின், அங்கேயே குடியுரிமை பெற்றுக் குடும்பத்தோடு நிலைத்த நம்மவர் அந்நாட்டு மக்களாகவே வாழ்கின்றனர். மற்றொன்றும் கருதத்தக்கது: அயல்நாட்டில் ஈட்டியதில் ஒரு பங்கைக் கல்விக்கு ஈந்தோர் செயல் அழியவில்லை. 1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகமும், 1947-இல் காரைக்குடியில் எழுந்த அழகப்பர் கல்லூரியும் இதற்குச் சான்று.

ஆகவே, இன்று அயல்நாடு செல்ல எண்ணும் நம் பிள்ளைகளும் பெற்றோரும் சம்பளம் எவ்வளவு என்னும் ஒரு வினாவோடு நின்றுவிடலாகாது. அந்நாட்டுச் சட்டம் நம்மை நிலைத்து வாழ விடுமா? வளைகுடா நாடுகளில் பல்லாண்டு உழைத்தாலும் குடியுரிமை கிட்டுவது மிக அரிது. அமெரிக்காவில் ஒவ்வொரு நாட்டினர்க்கும் அளவு வகுத்திருத்தலால், இந்தியாவிற் பிறந்தோர் நிரந்தர வாசத்திற்கு நெடுங்காலம் காத்திருக்க வேண்டியுள்ளது. அடுத்து, மனைவி மக்களோடு வாழ இடமுண்டா? அந்நாட்டார் மொழியைக் கற்று, அவர் இன்ப துன்பங்களில் நாமும் பங்கு கொள்வோமா? ஈட்டியது முழுவதையும் ஓரிடத்தில் முடக்காமல் இருப்போமா? இவற்றிற்கு விடை கண்ட பின்னரே கப்பற் சீட்டோ விமானச் சீட்டோ வாங்குதல் தகும்.

நம் முன்னோர் வரவையும் செலவையும் அணாப் பைசாத் தவறாமல் எழுதினர். எழுதாது விட்டது ஒன்றே: அயலார் நாட்டில் நாம் யார் என்பது. அந்த வரியை நம் பிள்ளைகள் புறப்படும் முன்னரே எழுதிக்கொள்வார்களாக.