பள்ளிச் சீருடை

பள்ளிச் சீருடை என்பது ஒரு கல்விச்சாலையில் பயிலும் மாணாக்கர் யாவரும், அவரவர் வீட்டு வழக்கத்தையும் வசதியையும் கருதாமல், ஒரே நிறத்திலும் ஒரே தையலிலும் அணிந்து வரவேண்டுமென்று அந்தக் கல்விச்சாலையோ அரசாங்கமோ விதித்த உடையாகும். பேச்சு வழக்கில் இன்றும் 'யூனிபாரம்' என்றே வழங்கும் இதற்குத் தமிழில் அமைந்த 'சீருடை' என்னும் சொல் அழகியது. ஒழுங்கு என்றும், சிறப்பு என்றும், பெண்ணுக்குப் பிறந்தகத்தார் கொண்டுவந்து வைக்கும் வரிசை என்றும் பல பொருள்படும் 'சீர்' இதில் ஒழுங்கு என்ற பொருளிலேயே நிற்கிறதாயினும், தமிழ்நாட்டில் அரசாங்கமே ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குத் துணி தைத்துக் கொடுக்கத் தொடங்கிய பிறகு, அந்தக் கடைசிப் பொருளும் அதற்குப் பொருந்தாமற் போகவில்லை. சீருடை அல்லாத சாதாரண உடையைப் பிள்ளைகள் 'கலர் டிரெஸ்' என்கிறார்கள். சீருடையிலும் வண்ணம் உண்டு என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டில்லை.

ஏழைப் பிள்ளையின் ஏழ்மை வெளியே தெரியாமல் மறைப்பதற்காகவே சீருடை தோன்றியது என்பது நம் நாட்டில் பொதுவாக நிலவும் நம்பிக்கை. அதன் பூர்வ சரித்திரம் இதற்கு நேர்மாறாக இருக்கிறது. இங்கிலாந்தில் ஆறாம் எட்வர்டு மன்னன் காலத்தில், 1552-இல், லண்டன் தெருக்களில் ஆதரவற்றுத் திரிந்த சிறுவர் சிறுமியரைச் சேர்த்து வளர்ப்பதற்காக 'கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல்' என்னும் தர்ம ஸ்தாபனம் தொடங்கப்பெற்ற பின்னர், அப்பிள்ளைகளுக்கு நீண்ட நீல அங்கியும் மஞ்சள் காலுறையும் உடையாக விதிக்கப்பட்டன. நீலம் அக்காலத்தில் மலிவான சாயம். வேலைக்காரரும் தொழில் பழகும் பையன்களும் உடுத்தும் நிறம். ஆகவே, நீல அங்கியோடு ஒரு சிறுவன் வீதியில் நடந்தால், அவன் ஊரார் தருமத்தில் சோறுண்பவன் என்பது கேட்காமலே விளங்கிவிடும். மஞ்சள் காலுறை எலிகளை அண்டவிடாது என்று ஒரு கதையும் உண்டு. எலிகளின் அபிப்பிராயத்தை யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை. ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜும் கட்டுரையாளர் சார்லஸ் லாமும் இந்த நீல அங்கியில் வளர்ந்தவர்களே. 1902-இல் லண்டனை விட்டு ஹார்ஷம் என்னும் ஊருக்கு இடம் பெயர்ந்த அப்பள்ளியின் மாணாக்கர் இன்றும் ஏறக்குறைய அதே உடையைத்தான் அணிகின்றனர் என்பதும், முன்பு இழிவின் சின்னமாயிருந்த அது இப்போது பெருமையின் சின்னமாகிவிட்டது என்பதும் கவனிக்கத் தக்கவை.

பதினெட்டாம் நூற்றாண்டில் இவ்வகைத் தர்மப் பள்ளிகள் இங்கிலாந்தெங்கும் பெருகின. அவற்றை ஊக்குவித்த கிறிஸ்தவ அறிவு விருத்திச் சங்கம் 1698-இல் நிறுவப்பட்டது. ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு 1706-இல் வந்திறங்கிய தரங்கம்பாடி மிஷனுக்குப் பொருளும் அச்சுப்பொறியும் அனுப்பி உதவியதும் அதே சங்கமே. செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பயிலும் ஈட்டன் போன்ற பள்ளிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் தமக்கென ஒரே உடையை வரையறுத்துக்கொண்டன. தர்மப் பள்ளிப் பிள்ளையை அடையாளம் காட்டிய அதே உபாயம் இப்போது பிரபு வீட்டுப் பிள்ளையையும் அடையாளம் காட்டப் பயன்பட்டது. இந்த மாற்றத்தின் நம்மூர் உதாரணம் நீலகிரியில் இருக்கிறது. உதகமண்டலத்தை அடுத்த லவ்டேலில் இன்று பெரும் பொருள் படைத்தோர் பிள்ளைகளைச் சேர்க்கும் லாரன்ஸ் பள்ளி, 1858-இல் ஆங்கிலச் சிப்பாய்களின் அநாதைக் குழந்தைகளுக்கான புகலிடமாகத் தொடங்கியதாகும்.

தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் சீருடை என்ற எண்ணமே எழ இடமில்லை. மணலில் விரலால் எழுதி, பின் ஓலைக்கு வந்த பிள்ளைகள் வீட்டில் எப்படி இருந்தார்களோ அப்படியே உபாத்தியாயர் முன்னும் வந்து உட்கார்ந்தார்கள். ஆனால் 'வீட்டில் இருந்தபடி' என்று எளிதாகச் சொல்லிவிடுகிற அந்த உடை, இன்ன ஜாதியார் முழங்காலுக்குக் கீழே தொங்கக் கட்டலாகாது, இன்ன ஜாதியார் தோளில் துண்டு போடலாகாது என்று ஊர் வகுத்த விதிகளால் பிணிக்கப்பட்டிருந்தது என்பதை மறத்தற்கில்லை. இதன் உச்சத்தை அன்றைய திருவிதாங்கூரில் காணலாம். அங்கே நாடார் குலப் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணிவது தடுக்கப்பட்டிருந்தது. 1820-களில் நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மால்ட் அம்மையார் நடத்திய பெண்கள் பள்ளியும் அதைப் போன்றவையும் மாணவியருக்குத் தையலும் பின்னலும் கற்பித்து, 'குப்பாயம்' என்னும் ரவிக்கையை அணியச் செய்தன. பள்ளிக்கூடம் கொடுத்த அந்த ஓர் ஆடைக்காக அடிதடிகளும் தீவைப்புகளும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் விட்டுவிட்டு நடந்து, சென்னை கவர்னர் டிரெவெலியன் நெருக்கிய பின்னர், 1859 ஜூலை 26-இல் உத்திரம் திருநாள் மகாராஜா வெளியிட்ட பிரகடனம் ரவிக்கை அணியும் உரிமையை ஒப்புக்கொண்டது. அப்போதுங்கூட, மேல்ஜாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் உடுத்தலாகாது என்ற நிபந்தனை ஒழியவில்லை. தமிழ்நாட்டுச் சீருடையின் உண்மையான முன்வரலாறு ஈட்டனில் இல்லை. தோள்சீலைக் கலகம் என்று பெயர் பெற்ற இந்தப் போராட்டத்தில்தான் இருக்கிறது என்று கருதுவது மிகையாகாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் கான்வென்ட்டுகளும் விடுதியோடு கூடிய மிஷன் பள்ளிகளும் தத்தமக்கென உடை வகுத்துக்கொண்டிருக்க, போர்டு பள்ளிகளில் பயின்ற பெருந்திரளான பிள்ளைகளுக்கு மாற்றுத் துணியே அருமையாயிருந்தது. இந்நிலையில், காமராஜர் முதலமைச்சராக இருந்த 1954 முதல் 1963 வரையிலான காலத்தில், பொதுக்கல்வி இயக்குநராய் இருந்த நெ. து. சுந்தரவடிவேலுவின் முயற்சியால் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் கூட்டப்பட்டன. முதல் மாநாடு 1958-இல் கடம்பத்தூரில் நடைபெற்றது. ஊரார் தத்தம் ஊர்ப் பள்ளிக்கு வேண்டிய கட்டடம், பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம் முதலியவற்றைத் தாமே முன்வந்து அளித்த இம்மாநாடுகளில், ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடையும் காணிக்கையாகச் சேர்ந்தது. 1956-இல் எட்டயபுரத்தில் தொடங்கிய மதிய உணவு பசியைத் தீர்த்துப் பிள்ளையைப் பள்ளிக்கு வரவழைத்தது என்றால், வந்தவன் பக்கத்துப் பையனின் சட்டையைப் பார்த்துக் கூசாமல் உட்கார வழி செய்வது சீருடையின் நோக்கம். சோற்றைப் பற்றி எழுதிய அளவுக்கு நம் எழுத்தாளர்கள் இந்தச் சட்டையைப் பற்றி எழுதவில்லை.

அந்தக் காலத்திலும் அதற்குப் பிந்திய நெடுங்காலத்திலும் அரசுப் பள்ளியின் நிறங்கள், ஆண்பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டையும் காக்கி அரைக்கால் சட்டையும், பெண்பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டையும் நீலப் பாவாடையும், வயது வந்ததும் நீலத் தாவணியும் ஆகும். ஜூன் மாதத்தில் தையற்காரரிடம் அளவு கொடுக்கும்போது, 'வளர்கிற பிள்ளை, கொஞ்சம் தொளதொளவென்றே இருக்கட்டும்' என்று சொல்லாத தாய் இல்லை. பாவாடையின் அடியில் இரண்டு மூன்று மடிப்புகளை உள்ளே வைத்துத் தைத்துவிடுவார்கள். ஆண்டுக்கொரு மடிப்பாகப் பிரித்துவிட, வெயிலிலும் சோப்பிலும் வெளுத்துப்போன மேற்பகுதிக்குக் கீழே, இதுவரை ஒளிந்திருந்த துணி புத்தம் புதிய கருநீலப் பட்டையாக வெளிப்படும். ஒரு பாவாடையில் எத்தனை பட்டைகள் என்று எண்ணினால், அது எத்தனை ஆண்டு உழைத்தது என்றும், அந்த வீட்டில் அதற்கு முன் அதை எந்த அக்காள் உடுத்தாள் என்றும் சொல்லிவிடலாம். வெள்ளைச் சட்டைக்குச் சொட்டு நீலம் மிகுதியாகிப்போனால் வானத்தின் நிறம் வந்துவிடும். பையில் வைத்த மைப்பேனா கசிந்தால் அந்தக் கறை ஆண்டு முழுவதும் போகாது. ஒன்றே போலிருக்க வேண்டுமென்று விதித்த உடைக்குள் வீட்டு நிலைமை இவ்வாறு வேறு வழிகளில் தலைகாட்டத்தான் செய்தது.

1985 முதல் எம்.ஜி.ஆர். அரசு, சத்துணவு உண்ணும் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடை வழங்கத் தொடங்கியது. ஆண்டுக்கு ஒரு ஜோடியாக இருந்த அது, ஜெயலலிதா ஆட்சியில் 2012-13 முதல் நான்கு ஜோடியாயிற்று. எட்டாம் வகுப்பு வரையில் சத்துணவில் சேர்ந்த பிள்ளைகளுக்கே இது உரியது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து பெற்றோர் சொந்தப் பணத்தில்தான் துணி எடுக்கவேண்டும். இத்திட்டத்தின் மறுபக்கம் தறியில் இருக்கிறது. துணி, கைத்தறி விசைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களில் நெய்யப்பட்டு, சமூக நலத்துறையின் கீழ் இயங்கும் மகளிர் தையற் கூட்டுறவுச் சங்கங்களில் தைக்கப்படுவதால், பள்ளி திறப்பதற்கு முந்திய மாதங்களில் நெசவாளிகளுக்கும் தையற்பெண்களுக்கும் வேலை ஓய்வதில்லை. வகுப்பறையில் சமத்துவத்தை உண்டாக்கப் பிறந்த ஒரு திட்டம் தறிமேட்டில் கஞ்சி வார்க்கும் திட்டமாகவும் நிலைத்ததே, ஆட்சிகள் மாறியும் அது நிற்பதற்கு ஒரு முக்கியக் காரணம் எனலாம். பொது அளவில் தைத்து வரும் சட்டை சில தோள்களில் தொங்கும், சில மார்புகளில் இறுக்கும். பிடித்துத் தைக்க மறுபடியும் தெருமுனைத் தையற்காரரிடம் போகவேண்டியிருப்பது பெற்றோரின் பழைய குறை. காக்கியும் நீலமும் போய், அரக்கு முதலிய பல நிறங்கள் வந்துவிட்டன. உயர் வகுப்பு மாணவியரின் தாவணி மறைந்து சல்வார் கமீஸும், அதன்மேல் கையில்லாத மேற்சட்டையும் இடம்பெற்றது, சைக்கிளில் ஏறிப் பள்ளிக்கு வரும் பெண்ணுக்கு எத்தனை சௌகரியம் என்பதை, தாவணி முனை சக்கரத்தில் சிக்கிய அனுபவம் உள்ளவர்களே நன்கறிவர்.

இதற்கிடையில் மெட்ரிகுலேஷன் பள்ளிகள் பெருகி, கழுத்தில் டை, இடுப்பில் பள்ளியின் பெயர் பொறித்த பெல்ட், காலில் பாலிஷ் போட்ட ஷூ, புதன்கிழமைக்கென்று தனியாக ஒரு வெள்ளை உடை என்று ஒரு புதிய சம்பிரதாயம் வேரூன்றியது. காலை எட்டரை மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்தமாத்திரத்தில், இவன் அரசுப் பள்ளி, இவள் இத்தனை ஆயிரம் கட்டணப் பள்ளி என்று எவரும் சொல்லிவிடலாம். கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டலின் நீல அங்கி செய்த வேலையை, வேற்றுமையைப் போக்கவென்று கொணர்ந்த உடை நம்மூர்த் தெருவிலும் செய்துகொண்டிருக்கிறது. ஒரே பள்ளிக்குள் சமத்துவம், பள்ளிக்கும் பள்ளிக்கும் இடையே ஏற்றத்தாழ்வு என்பதுதான் இதன் இன்றைய நிலை.

பிற நாடுகளில் தமிழ்ப் பிள்ளைகள் அணியும் சீருடை வேறு வேறு சரித்திரம் உடையது. இலங்கையில் வெண்மையே எங்கும் ஆள்கிறது. தமிழ், சிங்கள, முஸ்லிம் பாடசாலை என்ற வேறுபாடின்றிப் பெண்பிள்ளைகள் வெள்ளை உடையும், சிறுவர் வெள்ளைச் சட்டையோடு நீலக் காற்சட்டையும், வளர்ந்த பையன்கள் வெள்ளை நீளக் காற்சட்டையும் அணிகின்றனர். ஜனாதிபதி பிரேமதாசா காலத்தில், 1993-இல், சீருடைத் துணியை இலவசமாக வழங்கும் முறை அங்கே தொடங்கியது. மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் மாணவியர் நீலப் பினஃபோரும் மாணவர் நீலக் காற்சட்டையும் அணிவது அந்நாட்டுப் பொது விதி. ஞாயிறு மாலைதோறும் வெள்ளைக் காலணிக்குச் சுண்ணம் பூசிக் காயவைக்கும் வேலை, கறுப்புக் காலணி 2021-இல் கட்டாயமானதோடு முடிந்தது. ஜப்பானியப் பையன்களின் கழுத்து மூடிய கறுப்புக் கோட்டும் பெண்களின் மாலுமிச் சட்டையும் ஐரோப்பியப் படைகளின் உடையைப் பார்த்து வகுத்தவை. பிரான்சிலும் ஜெர்மனியிலும் பொதுப் பள்ளிகளில் சீருடை வேரூன்றவில்லை. பிரான்சு 2024-இல்தான் சில பள்ளிகளில் அதைச் சோதனையாக மேற்கொண்டது. அமெரிக்காவிலோ, கலிபோர்னியாவின் லாங் பீச் நகரம் 1994-இல், ரவுடிக் கூட்டங்களின் நிறங்களைப் பிள்ளைகள் அணிந்து வந்து அடிபடுவதைத் தடுக்கவே பள்ளிகளில் சீருடையைக் கட்டாயமாக்கிற்று.

உடை ஒன்றாயிருக்கவேண்டும் என்ற விதி, ஒருவரது சமய ஒழுக்கத்தோடு மோதும்போது என்ன செய்வது என்ற கேள்வி கர்நாடகத்தில் பெரிதாக எழுந்தது. உடுப்பியில் ஓர் அரசுக் கல்லூரியில் முக்காடு அணிந்த முஸ்லிம் மாணவியர் வகுப்பில் அனுமதிக்கப்படாததிலிருந்து மூண்ட வழக்கில், 2022 மார்ச் 15-இல் அம்மாநில உயர்நீதிமன்றம் தடையை ஏற்றது. மேல்முறையீட்டில் அக்டோபர் 13-இல் உச்சநீதிமன்ற நீதிபதிகள் இருவரும் இரு வேறு தீர்ப்பு அளித்தனர். சீருடை யாவரையும் ஒன்றாக்குகிறது என்போரும், அதன் பெயரால் சில பெண்களின் படிப்பே நின்றுபோகிறது என்போரும் எதிரெதிரே நின்ற அவ்வழக்கில், இரண்டாவது கட்சியின் வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலவில்லை.

தமிழ்நாட்டில் சிக்கல் வேறு விதமாக எழுந்தது. சட்டையும் பாவாடையும் ஒரே நிறமாகிவிட்ட பள்ளிகளில், ஜாதியின் நிறம் மணிக்கட்டுக்கு இறங்கிற்று. சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று கையில் கட்டும் கயிறுகளால் தம் ஜாதியாரை இனங்கண்டு மாணவர் குழுச் சேர்கின்றனர் என்பதைப் பள்ளிக்கல்வித் துறையே 2019-இல் ஒரு சுற்றறிக்கையில் எடுத்துக்காட்டியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியலின மாணவனும் அவன் தங்கையும் சக மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்ட பின், ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அமைந்த ஒருநபர்க் குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை, வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றை மாணவர் அணிந்து வருவதைத் தடை செய்யுமாறு பரிந்துரைத்தது.

சாதாரண உடைக்குப் பள்ளிகள் விட்டுவைத்த இடம் சிறிது. தீபாவளிக்கு மறுநாளும், சுற்றுலா நாளும், ஆண்டு விழாவும், பிள்ளையின் பிறந்தநாளும் அதற்கு உரியவை. பிறந்தநாளன்று வண்ண உடையில் வந்து, காலை வணக்கக் கூட்டத்தில் எல்லோரும் கைதட்ட, வகுப்பு வகுப்பாகச் சென்று மிட்டாய் கொடுக்கும் வழக்கம் ஊர்ப்புறப் பள்ளிகளிலும் பரவியிருக்கிறது. புதுத்துணி எடுக்க இயலாத வீட்டுப் பிள்ளை அன்றும் சீருடையிலேயே வந்து தன் வரிசையில் நிற்கும். அன்று அதற்குப் பிறந்தநாள் என்பதை வருகைப் பதிவேட்டின் பிறந்த தேதிப் பத்தியைப் பார்த்தாலன்றி ஆசிரியருக்கும் தெரிவதில்லை.