விபத்து அறிக்கை: 30 நாளிலிருந்து 48 மணி நேரத்துக்கு



நம் பார்க்கிங்கில் கார் உரசினால் பம்பரோடு போயிற்று. சாலையில் உயிர் போனாலோ காயம் பட்டாலோ கதை வேறு.

1939 மோட்டார் வாகனச் சட்டம் தகவல் சொல்லும் கடமையை ஓட்டுநர் மேல் வைத்தது. 1988 சட்டத்தின் 134-வது பிரிவிலும் அது உண்டு. கெடு 24 மணி நேரம். போலீஸ் 30 நாளுக்குள் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும், அதையே மனுவாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்றது 1994 திருத்தம். வக்கீல் வைக்க வழியில்லாதவர்களுக்கு எவ்வளவு நல்ல ஏற்பாடு! ஆனால் பெரும்பாலும் ஏட்டிலேயே கிடந்தது. 2009 டிசம்பரில், ஜெய் பிரகாஷ் வழக்கில், உச்ச நீதிமன்றமே அதை நிறைவேற்றச் சொல்ல வேண்டியதாயிற்று.

2022 ஏப்ரல் 1 முதல் புது விதி. முதல் அறிக்கை 48 மணி நேரத்தில், விரிவான அறிக்கை 90 நாளில். பாதிக்கப்பட்டவரின் உரிமைகளை விளக்கும் படிவத்தையும் 10 நாளுக்குள் போலீஸ் தர வேண்டும்.

விடியற்காலையில் பழவேற்காடு ஏரி மீனை வண்டியில் ஏற்றி வரும் சுண்ணாம்புக்குளத்துக்காரர் அடிபட்டால், "ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்துவிடுகிறோம், புகார் வேண்டாம்" என்ற பேச்சு சீக்கிரமே வந்துவிடும். அதற்குள் நம்மில் ஒருவர் அந்தக் குடும்பத்தோடு ஸ்டேஷனுக்குப் போய், எஃப்.ஐ.ஆர். நகலையும் அந்தப் படிவத்தையும் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.