கார் ரிமோட் சாவி: வரலாறும் நிரலாக்கச் சிக்கல்களும்

கார் ரிமோட் சாவி நிரலாக்கம் என்பது ஒரு சாவியின் மின்னணு அடையாளத்தைக் காரின் கட்டுப்பாட்டுக் கருவியில் பதிவு செய்வதாகும். பணிமனைகளில் இதைச் 'சாவிக்குக் கோடிங் போடுவது' என்பர். தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் போன்ற ஊர்களில் பழைய கார் வாங்குவோர் பலர் டயரையும் எஞ்சினையும் பார்த்துவிட்டு, சாவி ஒன்றுதான் இருக்கிறது என்பதைப் பொருட்படுத்துவதில்லை. அந்த ஒரு சாவியும் பழுதானால்தான் சிக்கல் தெரியும்.

முன்பு நிலைமை இப்படி இல்லை. 1949இல் கிரைஸ்லர் நிறுவனம் சாவியைத் திருப்பினாலே எஞ்சின் கிளம்பும் முறையைக் கொண்டுவந்தது. அப்பொழுதும் சாவி வெறும் உலோகத் துண்டுதான். அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, 1983இல் வந்த மாருதி 800 ஆகியவற்றின் சாவிகளும் திண்டுக்கல் பூட்டின் சாவியைப் போலப் பல்வெட்டை மட்டுமே நம்பியிருந்தன. தெருவோரம் பூட்டு பழுது பார்ப்பவரே அரத்தால் ராவி மாற்றுச் சாவி செய்து கொடுத்துவிடுவார். திருடனுக்கும் அது எளிதாகவே இருந்தது.

கதவைத் தொலைவிலிருந்து திறக்கும் சாவி 1982இல் பிரான்சின் ரெனோ ஃபுயேகோ காரில் வந்தது. இதை உருவாக்கியவர் பால் லிப்சுட்ஸ். பின்னர் வானொலி அலையில் இயங்கும் சாவிகள் பரவின. தொடக்கத்தில் அவை எப்பொழுதும் ஒரே குறியீட்டையே அனுப்பின. அதை அருகில் நின்று பதிவு செய்து மீண்டும் ஒலிபரப்பினால் கதவு திறந்துவிடும். இதைத் தடுக்க வந்ததே மாறும் குறியீடு. தென்னாப்பிரிக்காவின் நானோடெக் நிறுவனம் 1980களில் உருவாக்கிய 'கீலாக்' முறையை 1995இல் அமெரிக்காவின் மைக்ரோசிப் நிறுவனம் வாங்கியது.

இம்முறையில் பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் சாவியின் கணக்கு ஒன்று கூடும். காரும் அதே கணக்கை வைத்திருக்கும். குழந்தை கையில் சாவி சிக்கி, காருக்கு எட்டாத இடத்தில் பலமுறை அழுத்தப்பட்டால் சாவியின் கணக்கு முன்னே ஓடிவிடும். கீலாக்கின் வழக்கமான அமைப்பில் 16 அழுத்தம் வரை கார் பொறுத்துக்கொள்ளும். அதைத் தாண்டினால், காரின் அருகே நின்று அடுத்தடுத்து இருமுறை அழுத்த வேண்டும். இரண்டும் தொடர்ச்சியாக வருவதைக் கண்டு கார் தன் கணக்கைத் திருத்திக்கொள்ளும். இதற்குப் போய்க் கோடிங் போடப் பணம் கொடுப்பது வீண்.

எஞ்சினைத் தடுக்கும் 'இம்மொபிலைசர்' தனிக் கிளையாக வளர்ந்தது. 1986 மாதிரி கார்வெட் காரின் சாவியில் ஒரு மின்தடையம் பதிக்கப்பட்டிருந்தது. மொத்தம் 15 மதிப்புகளே இருந்தன. தொடுமுனையில் அழுக்குப் படிந்தால் உரிமையாளருக்கே வண்டி கிளம்பாது. 1990களில் தொடுமுனையே தேவையில்லாத சிப் வந்தது. சாவித் துளையைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் அந்தச் சிப்புக்கு மின்னாற்றல் ஊட்டி, அதன் விடையைக் கேட்கும். ஐரோப்பாவில் 1998 முதல் புதிய கார்களுக்கு இம்மொபிலைசர் கட்டாயமானது. இந்தியாவில் மாருதி இதை 'ஐகேட்ஸ்' என்ற பெயரில் அளித்தது.

ஆகவே ஒரே சாவிக்குள் இருவர் குடியிருக்கின்றனர். ஒரே திருமேனியில் சங்கரனையும் நாராயணனையும் வணங்கும் ஊரில் இதை விளக்குவது எளிது. பொத்தான் வேலை செய்யாமல் எஞ்சின் மட்டும் கிளம்பினால் குறை ரிமோட் பக்கம். பெரும்பாலும் சிஆர்2032 போன்ற பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கும். கதவு திறந்து, எஞ்சின் கிளம்பாமல், முகப்பில் சாவி அல்லது பூட்டுப் படமுள்ள விளக்கு மின்னினால் சிப்பையும் கம்பிச்சுருளையும் பார்க்க வேண்டும். ஒரே வளையத்தில் வேறொரு சிப் சாவி தொங்கினாலும் இப்படி நேரலாம். பொத்தானால் கிளப்பும் காரில் சாவியின் பேட்டரி தீர்ந்தால், பல மாதிரிகளில் சாவியை அந்தப் பொத்தானோடு ஒட்டிப் பிடித்தாலே போதும்.

கோடிங் தோற்பதற்கும் சில பழகிய காரணங்கள் உண்டு. அமெரிக்கச் சந்தைக்கான 315 மெகாஹெர்ட்ஸ் சாவியை 433.92 மெகாஹெர்ட்ஸ் காருக்கு வாங்கிவிடுவர். வேறொரு காரில் பதிந்து பூட்டப்பட்ட பழைய சிப்பை மீண்டும் பதிய முயல்வர். கார் பேட்டரி வலுவிழந்திருந்தால் பதிவு பாதியில் நின்றுவிடும். பல மாதிரிகளில் புதிய சாவியைப் பதியும்போது பழையவை அழிந்துவிடுவதால், இருக்கும் சாவிகள் அனைத்தையும் கையோடு கொண்டுபோக வேண்டும்.

நிறுவனங்கள் குறியீட்டை மறைத்து வைத்ததால் திருட்டு ஒழிந்துவிடவில்லை. ஜெர்மனியின் போகும் நகர ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் கீலாக்கின் மறைதிறவுகோலையே பிரித்தெடுத்துக் காட்டினர். ஆனால் சிற்றூரில் சாவி செய்பவரின் கையிலிருந்து அந்த வேலை பெரிதும் நழுவிவிட்டது. இரண்டு சாவியும் தொலைந்தால் வண்டியை இழுவை வண்டியில் ஏற்றித் திருநெல்வேலி போன்ற நகருக்குக் கொண்டுபோக நேரலாம். சில மாதிரிகளில் கட்டுப்பாட்டுக் கருவியையே மாற்ற வேண்டிவரும். புதிய சாவிக்குக் காரின் பதிவுச் சான்றையும், பெரும்பாலும் காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் நகலையும் கேட்பார்கள். கார் திருடு போனால் காப்பீட்டு நிறுவனமும் இரண்டு சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம்.